நீளமான சொல்லுக்கு எதுகை எங்க தேடுறது? பாட்டும் கவிதையும் எழுதுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் எழுதுற பாட்டுல ஒரு பெரிய சொல் வந்து உக்காந்துருச்சு, அதுக்கு ஜோடியே கிடைக்கல. முதல்ல என்ன பண்ணணும்?

முதல்ல அந்தச் சொல்லோட கடைசி எழுத்தைப் பாக்குறதை நிறுத்துங்க. புதுசா எழுதுறவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான். தமிழ்ல சொல்லோட வால் நம்ம கையில இருக்கு, "-ல்" சேக்கலாம், "-ஆ" சேக்கலாம், "-ஏ" போட்டுக் கூப்பிடலாம், வினைச்சொல்லா இருந்தா போறேன் வாறேன் நிக்கிறேன்னு எல்லாமே "றேன்"ல தானா வந்து முடியும். அதனால கடைசியில ஒலி பொருந்துறது இங்க ரொம்ப மலிவு, அது கிடைச்சதுக்கு யாரும் பெருமைப்பட முடியாது. நம்மால மாத்த முடியாதது சொல்லோட தலைப்பகுதிதான். முதல் எழுத்து குறிலா நெடிலா, ரெண்டாவது எழுத்து என்ன, இந்த ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு அங்கேர்ந்து தேடுங்க.

எதுகைன்னா ரெண்டாம் எழுத்து ஒத்துப்போறது, அவ்வளவுதானே?

பாதி சரி. முதல் எழுத்தோட அளவும் ஒத்துப்போகணும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டுக்கு பட்டு சரி, காட்டுக்கு பாட்டு சரி, ஆனா பட்டுக்கு பாட்டு எதுகை ஆகாது. இதை எழுத்துல பாத்தா சின்ன விஷயமாத் தெரியும், வாய்விட்டுச் சொல்லிப் பாத்தா காது உடனே கண்டுபிடிச்சிரும்.

இன்னொண்ணு, விதிப்படி சரியா இருந்தும் காதுக்குப் பத்தாத எதுகையும் உண்டு. "கட்டு"க்கும் "வெட்கம்"க்கும் ரெண்டாம் எழுத்து ட் தான், இலக்கணம் ஒண்ணும் சொல்லாது, ஆனா பாட்டுல பாடுனா ரெண்டும் அக்கம்பக்கத்துல கூட இருக்குற மாதிரி தோணாது. ஏன்னா அந்த ட்-க்குப் பின்னாடி வர்ற எழுத்தையும் சேத்துதான் நாம கேக்குறோம். வெட்கத்துக்கு உட்கார், கட்டுக்கு எட்டு, இப்படி மூணாவது எழுத்து வரைக்கும் இழுத்துட்டுப் போனா நீளமான சொல்லு நல்லா உக்காரும்.

ஒரே சொல்லா ஜோடி கிடைக்கவே மாட்டேங்குது, அகராதி முழுக்கத் தேடியாச்சு.

ஒரே சொல்லா ஏன் தேடுறீங்க? நாலு அசை, அதாவது வாய்ல உடைச்சுச் சொல்ற நாலு துண்டு, உள்ள சொல்லுக்கு நாலு அசை உள்ள இன்னொரு சொல் அகராதியில ரெடியா உக்காந்திருக்கும்னு எதிர்பாக்குறதே தப்பு, ரெண்டு மூணு சின்னச் சொல்லை ஒட்டித்தான் அந்த ஜோடியைக் கட்டணும்.

ஆங்கிலத்துல "ஆரஞ்ச்"ங்கிற சொல்லுக்கு ரைம் கிடையாதுன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டே இருக்காங்க. வேல்ஸ்ல ப்ளோரெஞ்ச்னு ஒரு மலை இருக்கு, அதை இழுத்துட்டு வந்துதான் சமாளிப்பாங்க. தமிழ்ல அதே ஆரஞ்சுக்கு எவ்வளவு சுலபமா வருது பாருங்க, ஊர் அஞ்சு, பேர் அஞ்சு, தேர் அஞ்சு. வேகமாச் சொன்னா ஊரஞ்சு, பேரஞ்சு, தேரஞ்சு. "கையில ஒரு ஆரஞ்சு, பங்கு கேக்க பேரஞ்சு". மெய்யெழுத்துல முடியுற சொல்லுக்குப் பின்னாடி உயிரெழுத்து வந்தா ரெண்டும் ஒட்டிக்கும், உகரத்துல முடியுற சொல்லா இருந்தா பெரும்பாலும் அந்த உகரமே ஓடிப்போயிரும். பள்ளிக்கூடத்துல புணர்ச்சின்னு படிச்சிட்டு மறந்துபோன விஷயம்தான், எதுகை கட்டுறவனுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

நிஜமாவே கஷ்டமான சொல் ஒண்ணை எடுத்துச் செஞ்சு காட்ட முடியுமா?

ஒட்டகச்சிவிங்கியை எடுத்துக்குவோம்.

முதல்ல அசை பிரிக்கணும். ஒட், டகச், சிவிங், கி. அதாவது நேர், நிரை, நிரை, நேர். ஒரே ஒரு உயிரோசை உள்ள துண்டு நேர், குறில்ல ஆரம்பிச்சு ரெண்டு உயிரோசை உள்ள துண்டு நிரை, கடைசியில ஒட்டுற மெய் கணக்குல வராது. தத்தகாரமாச் சொன்னா "தந் தனன் தனன் ன" மாதிரி ஒரு ஓட்டம். தலைப்பக்கம் குறிலும் ட்ட-வும், வால்பக்கம் ங்கி. நடுவுல இருக்குற "கச்சிவி" ரொம்ப விசித்திரம், அதை விட்டுருவோம், ரெண்டு முனையையும் பிடிச்சிட்டா நடுவுல ஓட்டம் மட்டும் ஒத்துப்போனாப் போதும்.

இப்ப வால். ங்கியில முடியுற வினையெச்சம் தமிழ்ல குவிஞ்சு கிடக்கு, தயங்கி, மயங்கி, கிறங்கி, பதுங்கி, ஒதுங்கி, நெருங்கி, இறங்கி, உறங்கி, நடுங்கி, கலங்கி. எல்லாமே நிரை நேர், அதாவது நமக்கு வேண்டிய அதே பின்பாதி. தலைக்கு நேர் நிரை வேணும், குறில் ட்ட-வோட, அதுக்கு சட்டென, தொட்டதும், கட்டிலில், அப்புறம் வட்டமிட்டு (இதுல கடைசி "டு" மிச்சம், அது அடுத்த சொல்லோட ஒட்டிக்கும்). ரெண்டையும் ஒட்டுங்க. சட்டெனப் பதுங்கி. தொட்டதும் கிறங்கி. வட்டமிட்டு இறங்கி, அது புணர்ந்தா வட்டமிட்டிறங்கி, அசை பிரிச்சுப் பாருங்க, வட், டமிட், டிறங், கி, அச்சு அசலா ஒட்டகச்சிவிங்கியோட அளவு.

எனக்கு இந்த மூணுல "சட்டெனப் பதுங்கி"தான் பிடிக்கும். அவ்வளவு உயரமான பிராணி பதுங்குதுன்னு சொன்னாலே சிரிப்பு வருதுல்ல, குழந்தைப் பாட்டுன்னா அதுவே விஷயம் ஆயிரும். எதுகை தேடப் போய் ஒரு காட்சி கிடைக்கிறது இப்படித்தான் நடக்கும், முதல்லயே கற்பனை பண்ணிட்டு அப்புறம் சொல் தேடுனா இது வந்திருக்காது.

அசை பிரிக்கிறது எல்லாம் வெண்பா எழுதுறவங்களுக்கு இல்லையா? நான் சாதாரணப் பாட்டுதான் எழுதுறேன்.

மெட்டுக்கு எழுதுறவங்களுக்குத்தான் அது இன்னும் அதிகமா வேணும். சதுரங்கம், பிரபஞ்சம், தொலைநோக்கி, செயற்கைக்கோள், இந்த நாலும் பாக்க சம்பந்தமே இல்லாத சொல்லுங்க, ஆனா நாலுமே நிரை நேர் நேர், பழைய வாய்பாட்டுல, அதாவது அசை வரிசைக்கு வச்ச பேர்ல, சொன்னா புளிமாங்காய். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், ஒண்ணுக்குக் கண்டுபிடிச்ச ஜோடியோட அளவு நாலுக்கும் பொருந்தும், மெட்டுல ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணு வைக்கலாம். கருவிளங்காய், கூவிளங்காய்னு எல்லா வாய்பாட்டையும் மனப்பாடம் பண்ணத் தேவையில்ல, தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கருவிளம் (நிரை நிரை), கூவிளம் (நேர் நிரை) நாலும், பின்னாடி இன்னொரு நேர் சேந்தா அது காய்ங்கிறதும் தெரிஞ்சா பெரும்பாலான பாட்டுக்குப் போதும்.

தொலைநோக்கிக்கு என்ன வரும்?

அலைதேக்கி, வலைநீக்கி, மலைதாக்கி, விலையாக்கி, கலையாக்கி. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சொல்லுக்கு நடுவுல வர்ற ஐ-யை நாம யாரும் முழுசாச் சொல்றதில்ல, குறுக்கித்தான் சொல்றோம், இலக்கணத்துல ஐகாரக் குறுக்கம்னு பேரே வச்சிருக்காங்க. அதனால தொலைநோக்கிக்கு "பல நோக்கி", "சில நீக்கி"கூட பாட்டுல நிக்கும், ரெண்டாம் எழுத்துல மெய் ஒண்ணா இருந்து உயிர் மட்டும் மாறுனா அதையும் எதுகையா ஏத்துக்கிட்டதுதான் மரபு. தேடுற வட்டம் சட்டுனு பெருசாகுது.

ர-வுக்கு ற, ன-வுக்கு ண, ல-வுக்கு ள, இப்படி மாத்திப் போடலாமா?

மரபுக்கவிதைன்னா வேணாம். கேக்குறவங்க கண்டுபிடிக்கலைன்னாலும் படிக்கிறவங்க பிடிச்சிருவாங்க, மின்மினிக்கு பொன்மணி போடலாம், கண்மணி போட்டா ஒருத்தர் நிச்சயம் வந்து சொல்லுவார்.

பாட்டுன்னா வேற கதை. ர-வும் ற-வும் பெரும்பாலான பேச்சுல ஒண்ணாவே ஆயிருச்சு, குறிஞ்சிக்கு தெரிஞ்சி, பிரிஞ்சி, விரிஞ்சின்னு பேச்சுவழக்குல போட்டா காதுக்கு ஒரு குறையும் தெரியாது. ள-வும் ழ-வும் கொஞ்சம் பாத்துதான் போடணும், பாடுறவர் ழ-வை நல்லா உச்சரிக்கிறவரா இருந்தா அங்க வித்தியாசம் பளிச்சுனு தெரிஞ்சிரும். யார் பாடப் போறாங்கன்னு தெரிஞ்சா பாதி முடிவு அதுலயே வந்துரும்.

முழுசாப் பொருந்தாத எதுகைக்கு மரபுல இடம் இருக்கா, இல்ல அது ஏமாத்து வேலையா?

இடம் இருக்கு, பேரும் இருக்கு. வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம் வந்தா இன எதுகைன்னு ஒத்துக்கிட்டாங்க. தட்டுக்கு பத்து அந்தக் கணக்குலதான் வரும். அதைவிட எனக்குப் பயன்பட்டது ஆசிடையிட்ட எதுகை, அதாவது நடுவுல ஒரு ய், ர், ல், ழ் வந்து குறுக்க நின்னா அதைக் கண்டுக்காம அடுத்த எழுத்தைப் பொருத்திக்கலாம். காத்து, பார்த்து, வாழ்த்து மூணும் ஒரே வரிசையில நிக்கிறது அப்படித்தான். கடினமான சொல் கையில இருக்குறப்போ இந்த நாலு எழுத்தையும் நடுவுல செருகிப் பாருங்க, காத்து-ன்னு ஒண்ணு இருந்தா பார்த்து, சேர்த்து, ஈர்த்து, வாழ்த்து, வீழ்த்துன்னு அடுக்கடுக்கா வரும்.

மோனைக்கும், அதாவது முதல் எழுத்து ஒத்துப்போறதுக்கும், இதே தாராளம் உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம், உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம், மெய்யில ச-வும் த-வும், ஞ-வும் ந-வும், ம-வும் வ-வும் ஜோடி. எதுகை ஒத்துழைக்காத சொல்லுக்கு மோனையை வச்சு சமாளிச்சிட்டு அடுத்த வரிக்குப் போயிரலாம், அவசரத்துல நிறைய பேர் பண்றதுதான்.

பட்டாம்பூச்சிக்கு கண்ணாமூச்சிதான் எல்லாரும் போட்டுட்டாங்க. வேற இல்லையா?

அந்த ஜோடி அவ்வளவு நல்லா இருக்குறதுதான் பிரச்சினையே, நாலு உயிரும் அப்படியே ஒத்துப்போகுது, அ, ஆ, ஊ, இ. பேச்சுத்தமிழ்ல எழுதுறீங்கன்னா "தொட்டா போச்சி", "விட்டா போச்சி" ரெண்டும் அளவுல சரியா வரும், தலையில ட்டா-வும் வால்ல ச்சி-யும் கிடைக்குது, கண்ணாமூச்சிக்குக்கூட அந்த ட்டா கிடையாது. எதுகை மட்டும் போதும்னா தட்டாமாலை, கட்டாந்தரை, எட்டாத, முட்டாம.

ராப் எழுதுறவங்க இன்னும் ஒரு படி மேல போறாங்க, மெய்யெழுத்தை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு உயிரை மட்டும் பிடிச்சிக்குவாங்க. அ, ஆ, ஊ, இ வரணும், அவ்வளவுதான். "கல்லால் பூட்டி", "கண்ணால் மூடி", "அம்மா ஊட்டி", வேகமா அடுக்கிச் சொன்னா நாலஞ்சு வரி ஒரே சங்கிலியாப் போகும். மெதுவான மெலடியில இது எடுபடாது, ஒவ்வொரு எழுத்தும் நீண்டு கேக்குறதால மெய் மாறுறது தெரிஞ்சிரும்.

ஆங்கிலச் சொல் வந்தா எப்படி?

நாம அந்தச் சொல்லை எப்படிச் சொல்றோமோ அதை வச்சுப் பொருத்துங்க, அதோட ஸ்பெல்லிங்கை மறந்துருங்க. எலக்ட்ரிசிட்டிக்கு "கண் சிமிட்டி" எவ்வளவு அழகா வருது, ரெண்டும் தன்னால ஒரு வரி கேக்குது. லேப்டாப், மேக்கப் மாதிரி மெய்யில முடியுறதுக்கு நாம வாய்ல ஒரு உகரம் சேத்துதான் சொல்றோம், லேப்டாப்பு, அதனால காப்பு, சீப்பு, ஆப்பு எல்லாம் உள்ள வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, நம்ம எழுத்துல க, ச, ட, த, ப-க்கு ஒரே வடிவம்தான், ஆங்கிலச் சொல்லுல அது வல்லோசையா மெல்லோசையான்னு எழுத்து காட்டாது. பேப்பர்ல எதுகையா இருக்குறது வாய்ல வந்தா பிரிஞ்சு போயிரும், பாடிப் பாக்காம ஒப்படைக்காதீங்க.

எதுகை அகராதின்னு தமிழ்ல ஏதாவது இருக்கா?

இருக்கு, ரொம்பப் பழசு. வீரமாமுனிவர் 1732-ல தொகுத்த சதுரகராதியில பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பகுதி, அந்தக் கடைசிப் பகுதியான தொடையகராதி எதுகைச் சொல்லுங்களை அடுக்கி வச்சதுதான். அதுக்கும் முன்னாடி மண்டலபுருடர் செஞ்ச சூடாமணி நிகண்டுல பதினொண்ணாவது தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்ற பகுதி, அகர வரிசையில இல்லாம ககர எதுகை, ஙகர எதுகைன்னு ரெண்டாம் எழுத்து வரிசையில அடுக்கியிருப்பார். புலவர்கள் சொல்லைத் தேடுன விதமே தலைகீழா இருந்திருக்குன்னு அதைப் பாத்தா புரியும். இன்னிக்கு வழக்குல இல்லாத சொல் நிறைய வரும், ஆனா வித்தியாசமான சொல்லுக்கு வித்தியாசமான ஜோடி வேணும்னா அங்க போறது தப்பில்ல.

நானே கம்ப்யூட்டர்ல ஒரு பட்டியல் போட்டுத் தேட முடியுமா?

முடியும், ஆனா நேரா ரெண்டாவது கேரக்டர் எதுன்னு கேட்டா கதை கந்தலாயிரும். யூனிகோட்ல "கா"-ங்கிறது க-வும் கால் குறியும், ரெண்டு கேரக்டர், "ட்" ட-வும் புள்ளியும். காட்டு-ங்கிற சொல்லுல ரெண்டாவது கேரக்டர்னு கேட்டா அது கால் குறியைக் கொடுக்கும். முதல்ல சொல்லை எழுத்து எழுத்தாப் பிரிக்கணும், பைத்தான்ல ஓப்பன்-தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு, அது பிரிச்சுத் தரும். அப்புறம் ஸ்ப்ரெட்ஷீட்ல முதல் எழுத்து குறிலா நெடிலான்னு ஒரு பத்தி, ரெண்டாம் மூணாம் எழுத்து ஒரு பத்தி, கடைசி ரெண்டு எழுத்து ஒரு பத்தி, மூணு ஃபில்டர் போட்டா முடிஞ்சது. சொல்லைத் திருப்பிப் போட்டு அடுக்குறதும் நல்ல வழி, ஒரே வாலுள்ள சொல்லெல்லாம் பக்கத்துல பக்கத்துல வந்துரும், ஆனா எழுத்தாப் பிரிச்ச பிறகுதான் திருப்பணும், இல்லன்னா புள்ளியும் கொம்பும் தனித்தனியாச் சிதறும்.

ஏஐ கிட்ட கேட்டா?

கேளுங்க, தப்பில்ல. பல நேரம் கடைசி எழுத்தை மட்டும் பொருத்திட்டு எதுகைன்னு சொல்லும், நடுவுல இல்லாத சொல்லையும் சேத்துவிடும். வர்றதை அகராதியில சரிபாத்துக்குங்க.

அபூர்வமான சொல்லை முதல் வரியில வைக்கணுமா, ரெண்டாவதுலயா?

ரெண்டாவதுல. இது என் கட்சி, வேற மாதிரி நினைக்கிறவங்களும் இருக்காங்க. அபூர்வமான சொல் முதல்ல வந்துட்டா கேக்குறவங்க அடுத்த வரிக்கு இவன் என்ன பண்ணப் போறான்னு காத்திருப்பாங்க, அப்ப நீங்க கட்டுன ஜோடி எவ்வளவு நல்லா இருந்தாலும் இழுத்துப்பிடிச்ச மாதிரி தெரியும். சாதாரணச் சொல்லுங்க முதல்ல போய், கடைசியில அந்தப் பெரிய சொல் வந்து விழுந்தா, அதுக்காகவே எல்லாம் நடந்த மாதிரி இருக்கும். "சட்டெனப் பதுங்கி, தொட்டதும் கிறங்கி, எட்டிப் பாக்குது ஒட்டகச்சிவிங்கி", இதையே திருப்பிப் போட்டுச் சொல்லிப் பாருங்க, சப்புனு ஆயிரும். சிரிக்க வைக்கிற பாட்டுல மட்டும் திருப்பிப் போடலாம், அங்க திணறுறதே வேடிக்கை.

எவ்வளவு முயற்சி பண்ணியும் வரல, சொல்லையும் மாத்த மனசில்ல.

அப்ப அதை எதுகை வேண்டாத இடத்துக்கு நகத்துங்க. எதுகை சீரோட, அதாவது வரியைப் பிரிக்கிற ஒவ்வொரு துண்டோட, முதல்ல விழுறது, அந்தச் சொல்லை வரியோட ரெண்டாவது சீரா வச்சிட்டா பொழிப்பு எதுகையில ஒண்ணும் மூணும்தான் பொருந்தணும், அது பாட்டுக்கு நடுவுல நிம்மதியா இருக்கும். எதுகையோ மோனையோ எதுவுமே இல்லாம நிக்கிற அடிக்கும் யாப்புல செந்தொடைன்னு பேரு குடுத்து இடம் ஒதுக்கியிருக்காங்க, அதனால குற்ற உணர்ச்சி வேணாம். புதுக்கவிதைன்னா இந்தக் கேள்வியே கிடையாது.

சதுரங்கத்துக்கு "எதிரங்கம்" போட்டேன், அளவு எல்லாம் சரியா இருக்கு, ஆனா யாருக்கும் பிடிக்கல.

எதிரும் அங்கமும் சேந்தா எதிரங்கம், அசையும் சரி, எதுகையும் சரி, ஆனா அப்படி ஒரு பேச்சு எங்கயும் கிடையாது. ஒட்டுன சொல் பிரிச்சாலும் ஒரு ஆள் சாதாரணமாப் பேசுற மாதிரி இருக்கணும், பேரஞ்சு-ன்னா பேர் அஞ்சு, யாரும் சொல்லுவாங்க. சதுரங்கத்துக்கு அரங்கம், சுரங்கம், அந்தரங்கம்னு வால் நிறைய இருக்கு, தலையில "அதிர", "உதிர", "முதிர" மாதிரி ஒண்ணை முந்தின வரியில வச்சுக்கிட்டு ரெண்டையும் தனித்தனியாப் பொருத்துங்க.

கடைசியா ஒண்ணு, செயற்கைக்கோளுக்கு?

இயற்கை இருக்குன்னு உடனே தோணும், அதைத் தொடாதீங்க, அது எதிர்ச்சொல்லுங்கிறதால எல்லாரும் முன்கூட்டியே ஊகிச்சிருவாங்க. செயற், கைக், கோள். தலையில குறிலும் ய-வும் வேணும், வால்ல ஓள். "மயக்கும் தோள்", மயக், கும், தோள், அளவு அப்படியே. "மேல சுத்துற செயற்கைக்கோள், பக்கத்துல மயக்கும் தோள்" அப்படின்னு காதல் பாட்டுக்குப் போகலாம். அபூர்வச் சொல்லை ரெண்டாவதா வைக்கணும்னு மேல சொன்னேன்ல, அதனால வரியைத் திருப்பிக்குங்க, "பக்கத்துல மயக்கும் தோள், மேல சுத்துற செயற்கைக்கோள்". இப்ப அது வேவு பாக்குற மாதிரி ஆயிருச்சு, அடுத்த சரணம் அங்கேர்ந்து எழுதலாம்.